மலைச்சாலைக்கு ஒரு பழைய ஜீப்: சொந்தக் கையால் பழுது பார்க்கத் தொடங்குவோருக்கு

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் விடியற்காலையில் நின்றால், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போவதைக் காணலாம். அவற்றில் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய வண்டிகளும் இருக்கின்றன. அவை இன்னும் அந்த ஏற்றத்தில் ஏறுவதற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ ஒருவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, கிரீஸ் அடித்து, போல்ட்டுகளை இறுக்கி, கசிவுகளைத் துடைத்துப் பார்ப்பதுதான். பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி, குமுளி, கம்பம் பக்கங்களில் அப்படியொரு பழைய மகிந்திரா ஜீப்பை வாங்கி, அதைத் தம் கையாலேயே சீர்செய்ய விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வண்டி கைக்கு வந்தவுடன் பெரிய டயர், கூடுதல் விளக்கு, உயரமான பட்டை (லீப் ஸ்பிரிங்) என்று பட்டியல் போடத் தோன்றும். அந்த ஆசையை ஓர் ஆண்டுக்கு ஒத்திவையுங்கள். மலைநாட்டில் வண்டி முதலில் நிற்க வேண்டும்; அடுத்துத் திருப்பிய பக்கம் திரும்ப வேண்டும்; அதன்பிறகு சூடேறாமல் ஏற வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், குளிர்விப்பு என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள். பழைய வண்டியை அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த அளவுக்குத் திரும்பக் கொண்டுவருவதே அதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மேம்பாடு என்பது என் உறுதியான கருத்து.

இந்த வரிசையை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு தோட்டத்திலிருந்து மகிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்றை வாங்கிய முதல் மாதத்தில், விளக்குகளை மாற்றி, இருக்கைகளுக்குப் புதிய உறை போட்டுவிட்டு, பிரேக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் போடிமெட்டிலிருந்து கீழே இறங்கினேன். 17 கொண்டை ஊசி வளைவுகளில் நான்காவதோ ஐந்தாவதோ வந்தபோது மிதி தரைவரை சென்றது. இரண்டாம் கியரில் இருந்ததாலும், மேட்டுப்பக்கத்து மண்சுவரோடு வண்டியை உரசவிட்டதாலும் நின்றேன். இடது பின்சக்கரத்தின் உட்புறம் முழுவதும் பிரேக் ஆயில் வழிந்து, டயரின் பக்கவாட்டில் கறுப்பாகப் படிந்திருந்தது. அந்தக் கசிவு ஒருநாளில் வந்ததல்ல. சக்கரத்தைக் கழற்றியிருந்தால் எந்தப் புதியவருடைய கண்ணுக்கும் அது பட்டிருக்கும்.

படுப்பதற்கு முன்

சமதளம் கிடைப்பது எங்கள் பக்கத்தில் அரிது. ஆனாலும் சிமெண்டுத் தளமோ கெட்டிப்பட்ட முற்றமோ இல்லாமல் வண்டியைத் தூக்காதீர்கள். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. ஆக்சிலுக்கடியில் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டை நிறுத்தி, வண்டியின் எடை அவற்றின் மேல் இறங்கிய பிறகு ஒருமுறை பலமாக அசைத்துப் பாருங்கள். அடுக்கிய செங்கல் திடீரென்று நொறுங்கும் என்பதால் அதை நம்பக் கூடாது.

புதியவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. சில பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிப்பதில்லை. இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், அந்த விசையை ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாப்ட்டில் உள்ள தனி டிரம் ஒன்றையே பிடிக்கிறது. அத்தகைய வண்டியில் ஒரு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுழலவிட்டு வண்டியை நகர அனுமதித்துவிடும். கைப்பிரேக் முழுதாக இழுத்திருந்தாலும் வண்டி உருளும். எனவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைப்பதை ஒரு சடங்கைப்போலத் தவறாமல் செய்யுங்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எதையும் கழற்ற வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், விளக்கு, சிறு சுத்தியல், துணி ஆகியவற்றோடு வண்டியை முன்னிருந்து பின்வரை பாருங்கள். சேஸியில் பட்டைகள் பிணைந்திருக்கும் இடங்களையும், பாடி சேஸியில் அமரும் இடங்களையும் சுத்தியலால் மெல்லத் தட்டினால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருத் தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். பிரேக் ஓஸ்களை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே ஈரம், அது டீசலா, இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று முகர்ந்தும் தொட்டும் கண்டுபிடித்து எழுதுங்கள். வண்டியில் இருப்பது பழைய பெஜோ இன்ஜினா, பிற்பாடு வந்த டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) இன்ஜினா என்பதையும் குறித்துக்கொண்டால், கடையில் தவறான பாகத்தை வாங்கிவந்து திரும்ப மலையிறங்கும் அலைச்சல் மிச்சமாகும்.

பிரேக்

சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றியவுடன் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றுக்குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது. முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஷூவின் லைனிங் ரிவெட் தலையளவுக்குத் தேய்ந்திருந்தாலும், ஆயிலில் நனைந்திருந்தாலும் அதை மாற்றியாக வேண்டும். ஆயில் ஊறிய லைனிங்கைத் தேய்த்துக் காயவைத்து மீண்டும் போடுவோரைக் கண்டிருக்கிறேன். சூடேறும்போது ஆயில் திரும்ப வெளியே வந்துவிடும். ஓர் ஆக்சிலில் ஒருபக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுங்கள். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால், ஆயிலைக் கசியவிடாமல் தடுக்கும் ரப்பர் பக்கெட் (கிண்ணம் போன்ற சீல்) போய்விட்டது என்று பொருள். பிஸ்டனை வெளியே எடுத்து, சிலிண்டரின் உட்சுவரை விளக்கொளியில் சுழற்றிப் பார்க்கும்போது, நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழியோ கீறலோ இருந்தால் முழு சிலிண்டரையும் மாற்றுவதே நல்லது. சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் புதிய பக்கெட் மட்டும் போதும். இந்தப் பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவவே கூடாது. ரப்பர் ஊதிப் பருத்து, பிரேக் பிடித்தபின் விடாமல் போகும். புதிய பிரேக் ஆயிலிலேயே கழுவி, அதையே தடவிப் பொருத்துங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிநிலை இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். ஆறு மாதம் மழையும் பனியும் நிலவும் ஊரில் ஆயில் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதையும், நீண்ட இறக்கத்தில் டிரம் எவ்வளவு சூடேறும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், ஆயில் கொதித்து ஆவியாகி மிதி பஞ்சுபோல் அமுங்குவது ஏன் என்று விளங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். வாங்கும்போது சிறிய, முத்திரை உடையாத டப்பாவாக வாங்குங்கள்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு, அதாவது ஏர் எடுப்பதற்கு, இருவர் தேவை. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி நெருங்கி வர வேண்டும். வலப்பக்க ஓட்டுநர் இருக்கை உள்ள நம் வண்டிகளில் அது பெரும்பாலும் இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்ற வரிசையாக அமையும். ஏர் நிப்பிளில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிதளவு பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். எங்கள் வீட்டில் அக்காள் மகன்தான் மேலே உட்காருவான். நான் கீழிருந்து “மிதிடா மாப்ளே” என்றதும் அவன் மெல்ல மிதித்து, “மிதிச்சாச்சு மாமா” என்று சொல்லிவிட்டு அப்படியே பிடித்துக்கொள்வான். நான் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். குமிழிகள் குழாயில் சரம்சரமாக ஓடும். மிதி அடிவரை போவதற்குள் மூடிவிட்டு, அதன்பிறகே “விடு” என்பேன். நிப்பிள் திறந்திருக்கையில் மிதியை விட்டால் காற்று திரும்ப உள்ளே ஏறும். குமிழி நின்று, ஆயில் தெளிவாக வரும்வரை இதைத் தொடருங்கள். நாலைந்து மிதிக்கு ஒருமுறை மாஸ்டர் டப்பாவில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க மறந்தால் முதலிலிருந்து தொடங்க நேரிடும். பெயிண்டில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது பெயிண்டை உரித்துவிடும்.

கடைசியாக, தூக்கிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அட்ஜஸ்டரைத் திருப்பி, ஷூ டிரம்மைப் பிடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள்.

ஸ்டீயரிங்கும் சக்கரங்களும்

பழைய ஜீப்பின் ஸ்டீயரிங்கில் ஆட்டம் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. பெட்டியில் கொஞ்சம், ராடு முனைகளில் கொஞ்சம், முன்சக்கரம் திரும்பும் முளையான கிங் பின்னில் கொஞ்சம், பட்டைகளின் புஷ்ஷில் கொஞ்சம் என்று சேர்ந்து அது கைக்கு வருகிறது. ஒருவரை மேலே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்டச் சொல்லி, நீங்கள் கீழே ஒவ்வொரு மூட்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்தபின் மறுபக்கம் தாமதித்து அசைகிறதோ, அதுதான் தேய்ந்த மூட்டு. கண்ணைவிடக் கை இதில் நம்பத்தக்கது. இதைச் செய்யாமல் பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்கி ஆட்டத்தைக் குறைக்க முயல்வது பெரும் தவறு. நேர்நிலையில் சரியாக இருந்தாலும், வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாமல் இறுகி நிற்கக்கூடும்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவியாளர் பிரேக்கை மிதிக்க, மறுபடி ஆட்டுங்கள். மிதித்தபோது ஆட்டம் மறைந்தால் கோளாறு வீல் பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னில். பேரிங்கைச் சரிசெய்ய, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே உள் நட்டை நன்றாக இறுக்கி, பின்னர் சுமார் ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரை மடக்குங்கள். புதிய கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கிடையே மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். மேலே பூசிவிடுவது பயன் தராது.

கிரீஸ் நிப்பிள்களை எண்ணி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். புரொப்பல்லர் ஷாப்ட் கிராஸ்கள் (மூட்டுகள்), பட்டையைச் சேஸியோடு பிணைக்கும் ஷேக்கிள்கள், ராடு முனைகள் ஆகியவற்றில் பழைய கறுத்த கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் ஓடும் வண்டிக்கு இதை மாதம் ஒருமுறை செய்தாலும் தகும். பட்டைகளின் யூ போல்ட்டுகளைப் புதிதாக இறுக்கினால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த யூ போல்ட்டினால்தான் நடு போல்ட் அறுந்து ஆக்சில் நகர்கிறது.

ஏற்றமும் டீசலும்

தேனி வெயிலில் புறப்பட்டு ஒரே மூச்சில் மேட்டுக்கு ஏறும் இன்ஜினுக்கு ரேடியேட்டர்தான் உயிர். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, ஓஸ்களையும் பெல்ட்டையும் மூடியையும் புதிதாக்கி, வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கூலண்ட் கலவை ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி சூடேறாது என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. அடைத்துக்கொண்ட ரேடியேட்டரை அது சரிசெய்யாது. குளிர்ந்த சூரியநெல்லிக் காலையில் இன்ஜின் தன் வெப்பநிலைக்கு வராமலே ஓடி, டீசலை வீணாக்கி, விரைவில் தேயும்.

டீசல் பில்டரை மாற்றியபின் வண்டி கிளம்பாவிட்டால் பயப்பட வேண்டாம்; குழாயில் ஏர் நின்றிருக்கும். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை மூடுங்கள். இன்ஜெக்டர் குழாய்களின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும்போது கையையும் முகத்தையும் தள்ளி வையுங்கள்; அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். இன்ஜெக்டர் பம்பின் உட்புறம் நம் வேலையல்ல. பெஜோ இன்ஜின் குளிரில் கிளம்ப மறுத்தால், பம்பைக் குறைசொல்லும் முன் ஹீட்டர் பிளக்குகளைச் சோதியுங்கள்.

கியர் ஆயிலும் ஓடைத் தண்ணீரும்

கியர்பெட்டி, டிரான்ஸ்பர் கேஸ், டிபரன்ஷியல் என எந்த ஹவுசிங்கானாலும் (கூடு), ஆயிலை இறக்குமுன் ஊற்றும் வாயின் பிளக்கைத் திறந்துகொள்ளுங்கள். இறக்கியபின் மேல் பிளக் திறக்க மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். சிறிது தூரம் ஓட்டிவந்து, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால் அழுக்கும் சேர்ந்து வரும். பிளக்கில் சாம்பல்நிறக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பு. இரும்புச் சில்லுகள் இருந்தால் பட்டறைக்குப் போகவேண்டிய நேரம். ஆயில் பால்கலந்த தேநீரின் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடேறிய ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. இதைத் தடுக்கவே மூச்சுத்துளை இருக்கிறது. அது சேறடைத்துக் கிடந்தால் பயன் இல்லை. அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, இன்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுசென்று கட்டிவிடுவதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் மேம்பாடு. செலவு மிகக் குறைவு.

டிபரன்ஷியலுக்குச் சொன்ன ஆயிலைக் கியர்பெட்டியில் ஊற்றிவிடாதீர்கள். சில ஆயில்களில் உள்ள சேர்க்கைப் பொருள்கள் கியர்பெட்டியின் பித்தளை வளையங்களை அரிக்கும். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள தரத்தையே வாங்குங்கள். போர் வீல் லீவரை மண்ணிலும் சேற்றிலும் மட்டும் போடுங்கள். காய்ந்த தார்ச்சாலை வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால், அந்த முறுக்கு முழுவதும் ஷாப்ட்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறும்.

மின்கம்பியும் துருவும்

மங்கலான விளக்குக்குப் பெரும்பாலும் பல்பு காரணமல்ல. 60 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் மின்சாரம், தேய்ந்த சுவிட்ச் வழியாகவும் மெல்லிய பழைய கம்பி வழியாகவும் போக வேண்டியிருக்கிறது. முதலில் பேட்டரியிலிருந்து சேஸிக்கும், இன்ஜினிலிருந்து சேஸிக்கும் உள்ள எர்த் பட்டைகளைக் கழற்றி, அடியிலுள்ள பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். அடுத்து ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டு, பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வைத்து, தடித்த கம்பியை விளக்குக்குக் கொண்டுசெல்லுங்கள். பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். வெளிச்சம் கூடுவதைக் கண்ணாலேயே காண்பீர்கள். மூடுபனிக்குத் தாழ்வாகப் பொருத்திய மஞ்சள் விளக்கே உதவும். உயரத்தில் மாட்டும் வெள்ளை எல்.இ.டி. பட்டையின் ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும், எதிரே வருபவரையும் குருடாக்கும்.

துருவின் மேல் தார்க்கலவையைக் கெட்டியாகப் பூசுவது அதை மறைக்கும், நிறுத்தாது. அடியில் தண்ணீர் தேங்கி இன்னும் வேகமாகத் தின்னும். இரும்பு தெரியும்வரை கம்பிப் பிரஷால் தேய்த்து, காயவிட்டு, பிரைமரும் பெயிண்டும் அடியுங்கள். தரைத்தகட்டின் வடிதுளைகளைத் திறந்து வையுங்கள். சேஸியில் வெல்டிங் தேவைப்பட்டால், அனுபவமுள்ள பட்டறையிடம் விடுங்கள்.

கூடுதலாக மாட்டுவன பற்றி

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு 15 ஆண்டுக்குப்பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், மாற்றங்கள் அந்த ஆய்வில் தடையாகும். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், வண்டியை உயர்த்தினால் ஷாப்ட்டின் கோணம் கூடிக் கிராஸ்கள் சீக்கிரம் போகும். பெரிய டயர் மாட்டினால், அதே பழைய டிரம் பிரேக் அதிக எடையைச் சுழற்சியிலிருந்து நிறுத்தவேண்டி வரும். பவர் பிரேக் போட விரும்புவோர், டீசல் இன்ஜினில் அதற்குத் தேவையான வெற்றிடம் தானாகக் கிடைக்காது, அதற்கென வாக்குவம் பம்பு வேண்டும் என்பதை அறிந்து இறங்குங்கள். நல்ல சீட் பெல்ட், சேஸியில் போல்ட் செய்த இழுவைக் கொக்கி, மழைக்காலத்துக்கு டயர்ச் சங்கிலி ஆகியவையே இந்த மலைக்குப் பயன்படும்.

எல்லாம் முடிந்ததும், பாரம் ஏற்றாமல், போக்குவரத்துக் குறைந்த காலை நேரத்தில், முதலில் சமதளத்தில் பிரேக்கைப் பலமுறை சோதித்துவிட்டு, இரண்டாம் கியரில் ஒருமுறை மலையிறங்குங்கள். முந்தலில் நிறுத்தி, நான்கு டிரம்களுக்கும் அருகே, தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரே ஆக்சிலின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஷூ விடாமல் உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை. எந்தச் சக்கரம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, டிரம் ஆறும்வரை காத்திருந்து, திரும்பியதும் அந்தச் சக்கரத்தை மறுபடி கழற்றுங்கள்.